வியாழக்கிழமை லீவு

சென்ற வாரம் பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது என் தோளை ஒருவர் தட்டினார். திரும்பிப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பார்த்து ஏழெட்டு வருஷமாவது இருக்கும். நலம் விசாரித்த பிறகு, "ஏம்ப்பா, பிளாக்கிலே என்னென்னவோ எழுதறே, நம்ம வியாழக்கிழமையைப் பத்தி எழுத மாட்டேங்கிறியே" என்றார். வீடு வந்து சேரும் வரை அதே நினைவு. வெளியூர் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்கும். புதுச்சேரிக்காரர்களில் என் வயதினருக்குச் சொல்லவே வேண்டாம்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்தக் காலத்தில் வார விடுமுறை வியாழனும் ஞாயிறும். சனிக்கிழமை முழு நாளும் பள்ளி உண்டு. எங்கள் தெருவில் தமிழ், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கு சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆகவே வியாழக்கிழமை எனக்கு விளையாட ஆளில்லை, சனிக்கிழமை அவர்கள் கோலி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நான் பை தூக்கிக்கொண்டு போவேன். காலையில் மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 30 மணி. இது பிரான்சில் 1887-இல் வகுக்கப்பட்ட கணக்கு. முக்கால் நூற்றாண்டு கழித்து, கடல் கடந்து, வேட்டி கட்டிய கணக்குப்பிள்ளையின் மகனான எனக்கும் அதே கணக்குதான்.

ஏன் வியாழன்? சிறு வயதில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். வியாழன் குருவுக்கு உகந்த நாள், அதனால் வெள்ளைக்காரனும் குருவுக்கு ஓய்வு கொடுக்கிறான் என்பாள் என் பாட்டி. நாங்கள் சிரிப்போம். பின்னாளில் லத்தீன் வகுப்பில் 'ழெதி' என்ற பிரெஞ்சுச் சொல் ஜூபிட்டரின் நாள் என்பதிலிருந்து வந்தது என்று ஆசிரியர் சொன்னபோது பாட்டி நினைவு வந்தது. ஜூபிட்டர் என்றால் நம் வியாழன் கிரகம்தானே. பெயர்க் காரணத்தில் பாட்டி சொன்னது முழுக்கத் தவறில்லை. லீவுக்குக் காரணம் மட்டும் வேறு.

அந்தக் காரணம் 1882 மார்ச் 28-ஆம் தேதிச் சட்டத்தில் இருக்கிறது. ழ்யூல் ஃபெர்ரி கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம். 6 வயது முதல் 13 வயது வரை கல்வி கட்டாயம் என்றும், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமயப் பாடம் கிடையாது என்றும் சொன்ன சட்டம் அது. அதற்கு முந்திய வருஷமே தொடக்கக் கல்வி இலவசம் என்று ஆகிவிட்டது. பள்ளியிலிருந்து பாதிரியாரை வெளியே அனுப்பியாயிற்று. ஆனால் பிரான்சில் பெரும்பாலான பெற்றோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் சும்மா இருப்பார்களா? ஆகவே சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளிக்கு விடுமுறை. பெற்றோர் விரும்பினால் அன்று தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே சமயக் கல்வி கொடுத்துக்கொள்ளலாம். இதுதான் அதன் சாரம்.

சட்டத்தில் 'வியாழன்' என்ற சொல்லே கிடையாது! 'ஒரு நாள்' என்றுதான் இருக்கிறது. வியாழன் விடுமுறை விடுவது பிரான்சின் பழைய பள்ளிகளில் அதற்கு முன்பே இருந்த வழக்கம். அந்த வழக்கமே அப்படியே நின்றுவிட்டது. நான் அரசு வேலைக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்ட வாய்ப்புக் கிடைத்த பிறகுதான் இதைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை சட்டத்திலேயே வியாழன் என்று எழுதியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் கதைக்குத்தான் வருகிறேன்.

நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளுக்கு வாரக் கணக்கே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே விடுமுறை அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி. சந்திரனைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு லீவு. பிறகு இங்கே பிரெஞ்சுக்காரனின் வியாழன் வந்தது, சென்னைப் பக்கம் ஆங்கிலேயனின் சனி ஞாயிறு வந்தது. புதுச்சேரியிலோ ஒரே வீட்டுக்குள் இரண்டு வாரங்கள் ஓடின. என் அக்கா தமிழ் வழிப் பள்ளியில் படித்தாள், நான் பிரெஞ்சு வழியில். எங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு என்றால் ஞாயிறு மட்டும்தான்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

அப்பா பெரிய கடைத் தெருவில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. பிரெஞ்சு தெரியாது. முசியே, மெர்சி, இந்த இரண்டு சொல்லோடு சரி. கணக்கு நோட்டில் தமிழ் எண்கள்தான் போடுவார். என்னைப் பிரெஞ்சு வழியில் சேர்த்தது அவர் யோசனை அல்ல, என் தாய்மாமாவின் யோசனை. மாமா சொல்தா, இந்தோசீனாவில் சண்டைக்குப் போய் வந்து பான்சியோன் வாங்கிக்கொண்டிருந்தவர். "தமிழ் வீட்டிலேயே வந்துடும், பிரெஞ்சு வீட்டிலே வருமா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழ் வீட்டிலேயே வந்துவிடும் என்பது எவ்வளவு தவறு என்று எனக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது தெரிந்துவிட்டது. பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் எப்போதும் உண்டு. பாரதிதாசனே 1909 முதல் 1946 வரை 37 ஆண்டுகள் அந்த வேலையைத்தான் பார்த்தார். ஆனால் தேர்வுக்கு நெருங்க நெருங்க எங்கள் வகுப்பில் அந்த மணி சுருங்கிக்கொண்டே போனது. ஒருநாள் பாட்டி தன் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். நான் எழுதியதை அப்பா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தானே வேறு எழுதி அனுப்பினார். மறுவாரம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளி இருந்த ஒரு தமிழ் வாத்தியாரின் திண்ணையில் உட்கார வைத்தார். வியாழக்கிழமை தோறும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. மாதம் 3 ரூபாய்.

ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. 1962 வருஷக் கடைசியில் சங்கடம் வந்தது.

அந்த வருஷம் நாங்கள் செர்த்திஃபிக்கா வகுப்பு. தொடக்கக் கல்வியின் முடிவில் எழுதும் தேர்வு அது. அதில் 'திக்தே' என்று ஒரு கண்டம் உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாம் எழுத வேண்டும். ஐந்து பிழை விட்டால் சுழியம். சுழியம் வாங்கினால் மற்றப் பாடத்தில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தேர்வு போச்சு. பிரெஞ்சில் காதுக்குக் கேட்காத எழுத்து எத்தனை, ஒலியே இல்லாமல் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து எத்தனை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கண்டத்தைத் தாண்டாதவர்கள், நானும் அதில் சேர்த்தி. ஆகவே தலைமை ஆசிரியர் ஓர் உத்தரவு போட்டார். பிழை அதிகம் விடும் மாணவர்கள் எல்லோரும் வியாழக்கிழமை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை சிறப்பு வகுப்புக்கு வர வேண்டும், கட்டாயம்.

அவர் பிரான்சிலிருந்து வந்தவர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்லர். தன் லீவு நாளை விட்டுக் கொடுத்து, சம்பளம் இல்லாமல், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே வகுப்பு எடுக்க முன்வந்த மனிதரை நான் இன்று குறை சொல்லத் தயாராக இல்லை. மற்றப் பெற்றோர் எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா ஒருவர்தான் இடிந்து போய் உட்கார்ந்தார்.

அது வேறு ஒரு விதத்திலும் குழப்பமான காலம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறிவிட்டது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் பிரான்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்காதவர்கள் தானாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள் என்று ஏற்பாடு. மாமா முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தினமும் நடந்தது. அம்மா மாமா பக்கம். அப்பா வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்து உத்தரவுச் சீட்டு வந்து சேர்ந்த வாரத்தில், கூடத்து மேசையில் ஓப்சியோன் தாளும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது புரியவில்லை. எனக்குத் திண்ணையும் பிடிக்கவில்லை, சிறப்பு வகுப்பும் பிடிக்கவில்லை. கடற்கரைதான் பிடிக்கும்.

அப்பா முதலில் ஒரு மனுக் கொடுத்தார். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுத்துப் பிரெஞ்சில் எழுதி வாங்கியது. என் மகன் வியாழக்கிழமை காலையில் தமிழ் படிக்கிறான், ஆகவே சிறப்பு வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கோ மதிய இடைவேளைக்கோ மாற்றித் தர வேண்டும் என்பது விஷயம். நாலு நாளில் பதில் வந்தது. தமிழ் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, தனியாக நேரம் தேவையில்லை, ஒரு மாணவனுக்காகக் கால அட்டவணையை மாற்ற இயலாது.

அப்பா மறுநாள் மண்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். மொழிபெயர்க்க நான்தான். அப்போது அந்த அறையில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஏதோ கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தான். பெரிய இடத்துப் பிள்ளை. அவன் எதிரில் என் அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்ததே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா நின்றபடியே நிதானமாகச் சொன்னார்.

"ஐயா, நீங்க சொல்லிக் குடுக்கிறது அவன் பொழைப்புக்கு. அது வேணாம்னு சொல்ல நான் வரலை. வியாழக்கிழமை அவன் படிக்கிறது எங்க வீட்டுப் புள்ளையா இருக்கிறதுக்கு. என் கணக்கு அத்தனையும் தமிழ்ல இருக்கு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா, நமக்கு யார் தரணும், நாம யாருக்குத் தரணும்னு இவன்தான் படிச்சுச் சொல்லணும்."

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பையனும் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "வியாழக்கிழமை காலையில் கடைக் கணக்குக்கு என் அப்பாவுக்கு நான் தேவைப்படுகிறேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த வயதில் எனக்கிருந்த பிரெஞ்சுக்கு மற்றதைச் சொல்லியிருக்க முடியாதா என்றால், முடியும். நான்தான் சொல்லவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் இருப்பது படிப்பதற்கு, கடையில் வேலை செய்வதற்கு அல்ல என்றார். பிறகு எழுந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார்: உங்களுக்கு அந்த வியாழனைத் தருகிறேன், நாலு வியாழக்கிழமை உள்ள வாரத்தில்.

பிரெஞ்சில் இது ஒரு பழமொழி போன்றது. ஒரு வாரத்தில் நாலு வியாழன் வருவது நடக்காத காரியம், ஆகவே அதற்குப் பொருள் 'ஒருநாளும் இல்லை' என்பது. எனக்கு அது அப்போது தெரியாது. ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து, "நாலு வியாழக்கிழமை வர்ற வாரத்துல தர்றாராம்ப்பா" என்றேன்.

அப்பா கணக்குப்பிள்ளை அல்லவா, யோசித்தார். "வாரத்துல ஏதுடா நாலு வியாழன்? மாசத்துலதான் நாலு வரும். மாசம் நாலு வியாழன் விடறேங்கிறாரு போல. நமக்கு அது போதுமே! சரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, தானே இரண்டு கையையும் கூப்பி "மெர்சி முசியே" என்றார்.

தலைமை ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அப்பா வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் பள்ளி அலுவலக எழுத்தர் பின்னாலேயே வந்து எங்களை நிறுத்தினார். தமிழர், வயதானவர், எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பார். கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலு வியாழனுக்கு என்ன அர்த்தம் என்று அவர்தான் அப்பாவுக்கு விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஐயா, மனுவிலே தமிழ்னு எழுதினீங்க. தமிழ் இவங்களுக்கு ஒரு பாடம். பாடத்துக்குப் பாடம் ஒசத்தியா, இதுவா அதுவான்னுதான் பார்ப்பாங்க. இப்ப பையன் கடைன்னு சொல்லிட்டான், அது அதைவிட மோசம்."

"கடையா? நான் எங்க கடைன்னு சொன்னேன்?" என்றார் அப்பா.

எழுத்தர் என்னைப் பார்த்தார், பிறகு தூணைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு என்றுமே கேட்கவில்லை.

எழுத்தர் மேலே பேசினார். "இந்த வியாழன் லீவு எதுக்கு வந்ததுன்னு தெரியுமா? சாமி பாடம் படிக்கிறதுக்கு. 1882-லேயே சட்டத்துல எழுதி வெச்சிருக்கான், வியாழக்கிழமைன்னு. கிறிஸ்தவப் பிள்ளைங்க அன்னிக்குக் கோயில்ல ஞானோபதேசம் படிக்குதுங்க. அதுங்களைச் சிறப்பு வகுப்புக்கு வான்னு இவர் கூப்பிடலை பாருங்க, பத்து மணிக்கு மேலே வந்தா போதும்னு விட்டிருக்கார். அது அவங்க பெத்தவங்க உரிமை. நீங்களும் பெத்தவர்தானே? வாத்தியார் தேவாரம் சொல்லிக் குடுப்பாரா?"

"குடுப்பாரு. ஆனா நான் அனுப்பறது எழுத்துப் படிக்க. இல்லாததை எழுதிக் குடுக்க மாட்டேன்."

"இல்லாதது ஏன்? இருக்கிறதா ஆக்கிக்குங்க. முதல்ல தேவாரம், அப்புறம் எழுத்து. தேவாரம் எதுல எழுதியிருக்கு? தமிழ்லதானே?"

அந்தச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கானது. அது இந்த ஊரை எந்த அளவுக்குக் கட்டியது, அதுவும் 1962 ஆகஸ்டுக்குப் பிறகு இங்கே எந்த நாட்டுச் சட்டம் யாரைக் கட்டும் என்றெல்லாம் ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் ஒரு மாதம் பேசியிருப்பார். அந்தத் தாழ்வாரத்தில் யாரும் கேட்கவில்லை. தலைமுறைகளாக வந்த வழக்கம் சட்டத்தின் வேலையைச் செய்தது.

இரண்டாவது மனுவை எழுத்தரே எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நாலே வரி. பெற்றோர் என்ற முறையில் என் மகனுக்கு வியாழக்கிழமை காலையில் சைவ சமயக் கல்வி அளிக்க விரும்புகிறேன், அந்நாளில் அவனைப் பள்ளி வேலையிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல், அக்கோர்தே, அனுமதிக்கப்பட்டது. கீழே ஒரு நிபந்தனை: மாதாந்திர திக்தேயில் ஐந்து பிழைக்கு மேல் போனால் அனுமதி ரத்து.

இதைப் பின்னாளில் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முப்பத்தேழு வருஷம் அரசாங்கத்தில் கோப்பு எழுதினேன். கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, மேல்நிலை ஆகி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். மனுக்கள் பெரும்பாலும் நியாயம் இல்லாததால் தள்ளுபடி ஆவதில்லை. 'பொருள்' என்ற இடத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதற்கேற்ற விதிப் புத்தகத்தைத்தான் மேசையில் இருப்பவன் கையில் எடுப்பான். தமிழ் என்றால் பாடத்திட்டம், கடை என்றால் குழந்தை வேலை, தேவாரம் என்றால் பெற்றோர் உரிமை. பையன் அதே பையன், திண்ணை அதே திண்ணை, மூன்று மணி நேரமும் அதே மூன்று மணி நேரம்தான். எதிரில் நிற்பவருக்கு அந்தச் சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கிற எழுத்தர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். நான் அப்படி இருந்தேனா என்றால், சில நாள் இருந்தேன், சில நாள் கோபத்தில் மனுவைத் திருப்பித் தள்ளியும் இருக்கிறேன்.

அப்பா எழுதிக் கொடுத்ததை மீறவில்லை. வாத்தியாரிடம் போய், "தேவாரம்னு எழுதிக் குடுத்துட்டேன், அது பொய்யாகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வாத்தியாருக்கு ஒரே குஷி. முதல் ஒரு மணி நேரம் பதிகம், அதிலும் அர்த்தம் சொல்லி, சொல் பிரித்து எழுத வைத்து. பிறகு கடிதம், பத்திரம், எண்சுவடி, தமிழ் இலக்கம். இரவில் மாமா எனக்குத் திக்தே வாசிப்பார். அவருடைய உச்சரிப்பு பட்டாளத்து உச்சரிப்பு. அதைக் கேட்டு எழுதிப் பழகிய பிறகு பள்ளியில் யார் வாசித்தாலும் எனக்குச் சுலபமாக இருந்தது. தேர்வில் மூன்று பிழை. தலைமை ஆசிரியர் கை குலுக்கினார். ஆறு மாதக் கெடு முடிந்தபோது ஓப்சியோன் தாள் மேசையில் நிரப்பப்படாமலே கிடந்தது. அதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, அம்மா ஒரு வாரம் பேசவே இல்லை.

1972 மே மாதம் பிரான்சில் ஓர் ஆணை போட்டு வார நடு விடுமுறையை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் சனிக்கிழமை பிற்பகலை எடுத்துவிட்டு வாரத்தை 27 மணி ஆக்கியிருந்தார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்காவின் மகன் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தான் (அக்காவுக்கும் மாமாவின் உபதேசம்தான்), அதே வாத்தியாரின் திண்ணைக்கு வியாழன் தோறும் போய்க்கொண்டிருந்தான். செய்தியைச் சொன்னேன். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. பிரான்சுக்காரனுக்குப் புதன் கிடைச்சுட்டுது பார்" என்றார் அப்பா. வாத்தியாரும் புதனுக்கு மாறிக்கொண்டார், வேறென்ன செய்வார்.

என் மகள் இப்போது பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். அங்கே 2008-இல் சனிக்கிழமைப் பள்ளியை அடியோடு எடுத்தார்கள். 2013-இல் நாலரை நாள் வாரம் என்று சொல்லிப் புதன் காலையில் வகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2017-இல் விரும்பிய ஊர்கள் பழையபடி நாலு நாளுக்குத் திரும்பலாம் என்றார்கள். நடுவில் ஒருநாள் அவள் போனில் புலம்பினாள். பேரனின் தமிழ் வகுப்பு புதன்கிழமை காலையில் இருந்ததாம், பள்ளி அதைப் பிடித்துக்கொண்டதாம், நகரசபைக்கும் பள்ளிக்கும் கடிதம் எழுதிப் பயனில்லையாம். "அப்பா, நீங்க கவர்மெண்டுல இருந்தவராச்சே, எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். தேவாரம் என்று எழுது என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் காலம் வேறு, அந்த ஊர் வேறு. தமிழ் வகுப்பையே சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள் என்றேன். மாற்றினார்கள்.

அப்பா 1979-இல் போனார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய சொந்தக் கணக்கு நோட்டை நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தோம். அக்காவுக்குத் தமிழ் நன்றாக வரும், ஆனால் தமிழ் இலக்கம் தெரியாது. அவள் காலத்துப் பள்ளியில் அது போய்விட்டது. நான் வாசித்தேன், அவள் குறித்துக்கொண்டாள். நமக்கு வர வேண்டியது நாலு பேரிடம். நாம் தர வேண்டியது இரண்டு பேருக்கு. ஒன்று ஜவுளிக்கடை. இன்னொன்று வாத்தியார், பேரனுக்கான சம்பளம், மூன்று மாதம் பாக்கி.

வாத்தியார் அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கண் மங்கிவிட்டது, யாரென்று சொன்ன பிறகு அடையாளம் கண்டுகொண்டார்கள். பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கா தம்பி, ஒண்ணு சொல்லு கேப்போம்" என்றார்கள். சம்பந்தர் பதிகம் ஒன்றை ஆரம்பித்தேன். இரண்டு அடி வந்தது, மூன்றாவது அடியில் நின்றுவிட்டேன். அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.